வரப்பில் கழற்றி வைத்த பெயர்

என் கணவர் இறந்த பத்தாம் நாள், விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தியாகராசன் நோட்டீசுக்கு வாசகம் கேட்டு வீட்டுக்கு வந்தார். எங்கள் கட்சிக் குடும்பங்களில் கருமாதி கிடையாது. பதினாறாம் நாள் படத்திறப்பு வைப்போம். சிவப்புத் துணியால் மூடிய படத்தைப் பெரியவர் ஒருவர் திறந்துவைப்பார். நாலு பேர் பேசுவார்கள். முழக்கம் போடுவோம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

தியாகராசன் பழைய நோட்டீஸ் ஒன்றை மாதிரிக்கு எடுத்துவந்திருந்தார். அதிலிருந்த பெயரை அடித்துவிட்டு, "தோழர் வை. யூரி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மேலே எழுதினார். கட்டிலில் உட்கார்ந்திருந்த என் மாமனார் வைரக்கண்ணு, "பேரு வேணாம்" என்றார்.

"என்ன தோழர்?"

"பேரு போடாத. வைரக்கண்ணு மவன்னு போடு, போதும்."

தியாகராசன் பேனாவை மூடினார். "பேரு இல்லாமப் போட்டா நீங்கதான் போயிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு ஜனம் உங்களுக்கு மாலையோட வந்து நிக்கும்."

"வரட்டும். கழுத்தக் காட்டுறேன்."

யாரும் சிரிக்கவில்லை. தியாகராசன் என்னைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் அச்சுக்குக் குடுத்தாவணும் தங்கச்சி. கீழ்வேளூர்ல சொல்லி வச்சிருக்கேன். பேசி வைங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அந்தப் பெயரை வைத்ததே மாமனார்தான். பதினாறு வயதில் அவர் பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது களத்துமேட்டில் நடந்த ஒரு கூட்டத்தில், ரஷ்யாவில் ஒருவர் வானத்துக்குப் போய்ப் பூமியைச் சுற்றிவிட்டு வந்தார் என்றும், அவர் அப்பா தச்சர், அம்மா கூட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவர் என்றும் பேசியிருக்கிறார்கள். பண்ணையில் வேலை பார்க்கிறவள் பிள்ளை வானத்துக்குப் போக முடியும் என்பது அவரை விட்டுப் போகவே இல்லை. பதினைந்து வருடம் கழித்து ஆண்பிள்ளை பிறந்ததும் யூரி என்று வைத்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு அது பெயராகவே படவில்லை. பள்ளிக்கூடத்தில் யூரியா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வாத்தியார் ஒருவரே, "யூரியா மூட்டை லேட்டா வருதுடா" என்பாராம். இதையெல்லாம் என் கணவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

மாமனாருக்கு அந்தப் பெயர் விளையாட்டு இல்லை. "நான் மிதிச்ச சேறு ஏழு தலமொறைக்குப் போதும்" என்பார். மகன் காலில் சேறு படாமல் வளர்த்தார். நடவு நாளில்கூட வயலுக்கு வரவிடவில்லை. திருவாரூருக்குப் பஸ்ஸில் அனுப்பிப் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படிக்கவைத்தார். ஓசூரில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எங்கள் கல்யாணம் முடிந்ததும் நானும் ஓசூருக்குப் போனேன். எங்கள் மகள் சுடர்விழி அங்கேதான் பிறந்தாள்.

2004 சுனாமியில் கடல் வந்த பிறகு எல்லாம் மாறியது. எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆற்று வழியாக ஏறிய கடல்நீர் வயல்களில் நாள்கணக்கில் நின்றது. சங்கம் போராடி வாங்கித் தந்த ஒன்றரை ஏக்கர் மாமனாருக்கு உண்டு. அதை அவர் பக்கத்து வயல்காரரிடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டிருந்தார். உப்பு பூத்த நிலத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆள் வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார். பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்த என் கணவர் வரப்பை உயர்த்தினார். மழைத் தண்ணீரைத் தேக்கிப் பல முறை வடித்தார். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். லீவு எப்போதோ தீர்ந்திருந்தது. அவர் ஓசூருக்குத் திரும்பவில்லை; நானும் குழந்தையோடு ஊருக்கே வந்துவிட்டேன்.

மகன் இனித் திரும்பிப் போகமாட்டார் என்று தெரிந்த நாளில் மாமனார் வயலுக்கு வந்தார். நான் கஞ்சித் தூக்கோடு வரப்பில் நின்றிருந்தேன். மகன் முழங்கால் சேற்றில் நின்றார். அப்பா வரப்பை விட்டு இறங்கவில்லை.

"டேய், நான் வச்ச பேரு சேத்துக்கு வச்ச பேரு இல்ல. அதை வரப்புல கழட்டி வச்சிட்டு எறங்கு."

"கழட்டியாச்சுப்பா. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் என் கணவர். சும்மா விளையாட்டாகத்தான் சொன்னார். கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஒரு கும்பிடுகூடப் போட்டார்.

மாமனார் எடுத்துக்கொண்டுதான் போனார். அதற்குப் பிறகு பதினேழு வருடம் ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் இருந்தோம். அவர் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தாப்பா" என்பார். என்னிடம், "உன் வூட்டுக்காரன் எங்க?" என்பார். பேச்சு நின்றுவிடவில்லை. பத்திரிகைச் செய்தியைப் பற்றிச் சண்டை போடுவார்கள், மகன் மாத்திரை எடுத்துக் கொடுப்பார், ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிடுவார்கள். பெயர் மட்டும் கிடையாது. மகனும், "எனக்கு ரெண்டு பேரு, ஊருக்கு யூரியா, அப்பாவுக்கு இந்தாப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

நான் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். 2013-ல் சுடர்விழி ஐந்தாவது படிக்கும்போது, வீட்டில் உள்ளவர்களின் பெயரையும் அதன் பொருளையும் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். கயல்விழி என்ற என் பெயர் சுலபம். தாத்தா பெயரும் சுலபம்.

"உங்க பேருக்கு என்னப்பா அர்த்தம்?"

"விண்வெளிக்குப் போனவரு பேரும்மா."

"அது யாரு பேருன்னு சொல்றீங்க. அர்த்தம் என்னன்னு கேக்குறாங்க மிஸ்ஸு."

அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் நான் நூலகத்துக் கணினியில் பார்த்தேன். முதலில் பார்த்ததை நம்பாமல், நன்கொடையாக வந்திருந்த ஒரு தடித்த அகராதியிலும் தேடிப் பார்த்தேன். ஜார்ஜ் என்ற பெயரை ரஷ்யர்கள் பல விதமாகச் சொல்வார்கள், அதில் ஒன்று யூரி. ஜார்ஜ் கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். கிரேக்கத்தில் நிலத்துக்கு ஒரு சொல், வேலைக்கு ஒரு சொல். இரண்டும் சேர்ந்து நிலத்தில் வேலை செய்பவன் என்று ஆகிறது. உழவன்.

வயலுக்கே போய்ச் சொன்னேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான், "வாங்க, மாமாகிட்ட சொல்லலாம்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"வேணாம். சொல்லாத."

"ஏங்க? சொன்னாக் கூப்பிடுவாரு."

"அதான் வேணாங்குறேன். அகராதியப் பாத்துட்டுக் கூப்பிடுற பேரு எனக்கு எதுக்கு? கூப்பிடணும்னு தோணினா அவரா கூப்பிடட்டும்."

சுடர்விழியின் நோட்டில் அந்த இடத்தில் 'ஒரு விண்வெளி வீரரின் பெயர்' என்று எழுதிக்கொடுத்தேன். மிஸ் அதற்கும் டிக் போட்டிருந்தார்.

போன சம்பாவில், களை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நத்தை ஓடு அவர் பாதத்தைக் கிழித்தது. சின்னக் காயம். மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் இறங்கினார். ஒரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்கமுடியாத வலி. அடைமழைக் காலத்தில் காய்ச்சல் வராதவர் யார் என்று நாங்கள் மூன்று நாள் மாத்திரையிலேயே ஓட்டினோம். கண் மஞ்சளான பிறகுதான் நாகப்பட்டினம் போனோம். அங்கிருந்து தஞ்சாவூர். எலிக்காய்ச்சல், சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார்கள். நாலாம் நாள் போய்விட்டார். நாற்பத்தாறு வயது. உடலை இறக்கியபோது மாமனார் சொன்னது ஒன்றுதான். "சேறு எடுத்துக்கிச்சு."

தியாகராசன் வந்துபோன அன்று மத்தியானம் மாமனாருக்குச் சோறு போட்டேன். அவர் கைவைக்கவில்லை. நானும் அன்று அவரைக் கெஞ்சுகிற மனநிலையில் இல்லை. என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பெயரைச் சொல்லவேண்டும். படத்துக்கு முன்னால் நின்றாவது சொல்லவேண்டும்.

"ஏன் மாமா பேரு வேணாங்குறீங்க?"

"எடுத்தாச்சு. எடுத்ததை எப்படிப் போடுறது?"

"செத்துப்போன ஆளுகிட்டயா வீம்பு?"

"வீம்பு இல்லம்மா..."

மேலே ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. "அவங்க பேருக்கு அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? மானத்துல போனவன் பேரு."

"அது ஆளு. நான் கேக்குறது அர்த்தம்." ஜார்ஜ், ரஷ்யா, கிரேக்கம், நிலம், வேலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே கேட்டது. "விவசாயின்னு அர்த்தம் மாமா. சேத்துல எறங்காத எறங்காதன்னு சொல்லிச் சொல்லி, விவசாயின்னு நீங்களே பேரு வச்சிருக்கீங்க. வச்ச பேருக்குத்தான் அவங்க வந்தாங்க. அதுக்குத்தான் பதினேழு வருசம் இந்தாப்பா, இந்தாப்பான்னீங்க."

பேசி முடித்ததும், நன்றாக அடித்துவிட்டோம் என்று ஒரு நிறைவுகூட வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

 மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவனுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"சுடரு அஞ்சாவது படிச்சப்ப. ஒம்போது வருசமாச்சு."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

"அவன் சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லுவான். அவன் எம் மவன்." நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏம்மா சொல்லல?"

நான் சோற்றுக் கரண்டியைப் பானையில் வைத்தேன்.

"நீ புஸ்தகம் படிக்கிறவ. நாலு வெவரம் தெரிஞ்சவ. நான் கை நாட்டு. ஒரு நாள், அவன் இல்லாத நேரமாப் பாத்து, மாமா இது இப்படின்னு ஒரு வார்த்தை காதுல போட்டிருந்தா நான் அவனைக் கூப்பிட்டிருக்கமாட்டேனா?"

"நீங்களா கூப்பிடணும்னு நெனச்சாங்க..."

"சரி, நான் கூப்பிடல. நான் பாவி. நீ எத்தினி தரம் கூப்பிட்ட?"

"நானா? நான் எப்படி மாமா..."

"என்ன எப்படி? மேடை போட்டு, மைக்கு வச்சு, தாலி இல்லாம மாலை மாத்திக்கிட்ட கல்யாணம். யாருக்கும் யாரும் தாழ்ந்தவங்க இல்லன்னு நான்தான் பேசினேன் அன்னிக்கு. கூப்பிட்டியா நீ? ஏங்க, என்னங்க. உன் மாமியா இருந்தவரைக்கும் தம்பி, தம்பின்னா. புள்ள அப்பாங்குது. இந்த வூட்டுல அவனைப் பேரு சொல்லிக் கூப்பிட ஒரு ஆளு இருந்துச்சா?"

பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நான் மறித்த வார்த்தையை மெதுவாகச் சொல்லி முடித்தார். "வீம்பு இல்லம்மா. உசுரோட இருந்தவனுக்குக் குடுக்காதத இப்பப் படத்துக்குக் குடுத்தா, ஊரு பாக்கறதுக்காகக் குடுத்த மாதிரி ஆவாதா? அதான்."

நான் அந்தத் தட்டை எடுத்துப்போய் மூடிவைத்தேன். அவருடைய பிடிவாதம் என்று நான் நினைத்தது வெட்கம். என் கணவரிடம் இருந்தது என்ன என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என்னிடம் இருந்தது பழக்கம். ஒருவர் சொல்லக்கூடாது என்றதும் வாயை மூடிக்கொண்டேன். அதைச் சொல்வாக்கு என்று பெருமையாகக்கூட நினைத்திருந்தேன். தாலி கட்டிக்கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்ட நான், கட்டியவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லாமலேயே கடைப்பிடித்திருக்கிறேன். கேஸ் புக்கிலும் ரேஷன் கார்டிலும் எழுதியிருக்கிறேன். எழுதுவது வேறு.

கடைசியாக அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டது யார் என்று யோசித்துப் பார்த்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "யூரி... யூரி யாரு இங்க?" என்று கேட்டது அந்தப் பெண். அவர் கண்ணைத் திறந்து, "நான்தாம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கேஸ் அடுப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் முயன்றேன். இரண்டே எழுத்து. ஊரே கேலி செய்து செய்து தேய்த்த பெயர். எனக்கு வரவில்லை. சுடர்விழி எட்டிப் பார்த்து, "என்னம்மா, என்னைக் கூப்பிட்டியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் தியாகராசன் வந்தார். நான் எதுவும் பேசிவைத்திருக்கவில்லை. மாமனாரே தொடங்கினார்.

"பேரு போட்டுக்க."

"போட்டுறலாம் தோழர். படத்தைத் தொறக்க நாகப்பட்டினத்துலேருந்து தோழரைக் கேட்டிருக்கோம்..."

"நான் தொறக்குறேன். முழக்கமும் நான்தான். கூப்பிடாதவன்தான கூப்பிடணும்."

தியாகராசனுக்குத் திகைப்பு. மகன் படத்தை அப்பா திறந்து நாங்கள் பார்த்ததில்லை. "உங்களால முடியுமா? சத்தமாக் கத்தணுமே."

"ஏன், அம்பது வருசமா எவன் கத்துனான் இங்க? நீயா கத்துன? நீ பின்னாடி நின்னு வாயத்தான அசைச்ச."

தியாகராசன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், பத்து நாளுக்குப் பிறகு. பெயரின் அர்த்தத்தை நான் தியாகராசனிடமும் சொன்னேன். அவர் குஷியாகிவிட்டார். "அட, இதையே நோட்டீஸ்ல போடலாமே தங்கச்சி. 'உழவன் எனும் பெயர் கொண்ட தோழர்'னு. பிரமாதமா இருக்கும்."

"வேணாம்" என்றார் மாமனார். "நான் வச்சது ஒண்ணு. அவன் வச்சுக்கிட்டது ஒண்ணு. அவன் தனக்குள்ள வச்சுக்கிட்டதை அச்சடிக்க நீ யாரு, நான் யாரு? பேரை மட்டும் போடு."

பதினாறாம் நாள் காலையிலேயே தெருவில் பந்தல் போட்டார்கள். மழை விட்டிருந்தது. சங்கத்துக்காரர்கள், ஓசூரிலிருந்து இரண்டு பழைய நண்பர்கள், நாங்கள் விதைநெல்லும் உரமும் வாங்கும் கடைக்காரர் ஜெகபர் அலி, நூலகத்துக்கு வருகிறவர்கள் என்று நூற்றைம்பது பேர் இருக்கும். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுத் தோளில் சிவப்புத் துண்டைப் போட்டிருந்தார். சுடர்விழி அவர் கையைப் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தட்டிவிட்டு, தானே நடந்துபோய்த் துணியை இழுத்தார். ஓசூரில் எடுத்த படம் அது, கம்பெனிச் சட்டையோடு. வயலில் எடுத்த படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

அவர் மைக்கை வாங்கினார். பேச்சு எதுவும் பேசவில்லை. நேராக முழக்கத்துக்குப் போனார். முழக்கத்தில் ஒருவர் பெயரைச் சொல்வார், கூட்டம் வணக்கத்தைச் சொல்லும். கூட்டத்தில் நிற்கிறவர் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. அந்த நிழலில்தான் நான் நின்றிருந்தேன்.

"தோழர் யூரிக்கு!"

எழுபத்தேழு வயதுக் குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெருமுனை வரை போனது.

"செவ்வணக்கம்!" என்றது கூட்டம்.

"எம் மவன் யூரிக்கு!"

அப்படி ஒரு முழக்கம் கிடையாது. கூட்டம் ஒரு நொடி தடுமாறி, "செவ்வணக்கம்!" என்றது. ஜெகபர் அலி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மூன்றாவதுதான் கடைசி. அவர் மூச்சை இழுத்தார். பிறகு மைக்கை வாயிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார்.  நெல் மூட்டையைத் தூக்கும்போது மறுமுனையைப் பிடி என்று காட்டுகிற மாதிரி காட்டினார்.

நான் முன்னால் போனேன். மைக் சூடாக இருந்தது. படத்தில் அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் 'ஏங்க' என்றுதான் நாக்கு போனது. அதை விழுங்கினேன்.

"யூரி" என்றேன்.

தோழர் என்று சேர்க்கவில்லை, கடைசியில் 'க்கு' போடவில்லை. முழக்கமாகவே அது இல்லை. உள்ளே இருக்கிற ஆளைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி வந்துவிட்டது. கூட்டத்துக்கு எதைத் திருப்பிச் சொல்வது என்று தெரியவில்லை. தியாகராசன்கூட வாயைத் திறக்கவில்லை.

மாமனார் மட்டும் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மைக் இல்லாமல், "இன்னொரு தரம் கூப்பிடும்மா" என்றார்.